பசியாறாத காலை

மலேசியத் தமிழர் இருவர் காலையில் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, "பசியாறியாச்சா?" என்பதுதான். நலம் விசாரிப்பதற்கு இதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை. "ஆச்சு" என்றால் கேட்டவரின் மனமும் நிறையும். "இன்னும் இல்லை" என்றால், "வாங்க, ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து அழைப்பார்கள். ஆனால், இந்தக் கேள்விக்கு "இல்லை" என்பதே சரியான பதிலாக அமையும் இடம் ஒன்று உண்டு. அது இரத்தப் பரிசோதனை ஆய்வகம்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். துன் சம்பந்தன் சாலையிலுள்ள பூக்கடைகளில் அப்பொழுதுதான் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிடத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சிறிய ஆய்வகம் ஒன்று இருந்தது. அதன் கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றனர். இரவு வேலை முடிந்து சீருடையோடு வந்த பாதுகாவலர் ஒருவர் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார். புதிய வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கப்பட்ட இளைஞர் ஒருவர் கையிலிருந்த தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். எதிர்ப்புற உணவுக்கடையில் தோசைக்கல்லில் மாவு விழும் ஓசை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அவர்களுள் யாரும் பசியாறியிருக்கவில்லை.

ஒருவரைத் தவிர.

வரிசையின் நடுவில் மூதாட்டி ஒருவரும் அவருடைய பேத்தியும் நின்றனர். பாட்டிக்கு எழுபத்தைந்து வயது. கிள்ளான் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, பால்மரம் சீவியவர். இப்போது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் மகள் குடும்பத்தோடு வாழ்கிறார். பல ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர் உண்டு. பேத்தி படிவம் நான்கில் பயிலும் மாணவி. அன்று பள்ளி விடுமுறை என்பதால் தாயார் அவளைத் துணைக்கு அனுப்பியிருந்தார்.

கதவு திறந்தது. முகப்பில் இருந்த பணியாளர் பாட்டியின் அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் எண்ணையும் சரிபார்த்தார். பின்னர், வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாட்டி, நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"எட்டு மணி இருக்கும், மிஸி."

"அதுக்கப்புறம் ஏதாவது?"

"பச்சைத் தண்ணிதாம்மா."

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சமையலறையில் கரண்டி கிளாஸில் மோதும் ஓசையை அவள் கேட்டிருந்தாள். கழுவும் தொட்டியில் அடியில் பால் படிந்த தே கிளாஸையும் பார்த்திருந்தாள். பாட்டி பொய் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பலர் முன்னிலையில் பாட்டியைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. வாய்மூடி இருக்கவும் முடியவில்லை.

பாட்டி ஏன் பொய் சொன்னார் என்பதும் அவளுக்கு ஓரளவு புரிந்தது. சென்ற முறை பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் சற்றுக் கண்டிப்பாகப் பேசியிருந்தார். அதனால், கடந்த பத்து நாள்களாகப் பாட்டி மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தார். இரவில் சோறு தொடவில்லை. பாகற்காய்ச் சாறு குடித்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைக்கூட ஒதுக்கினார். எல்லாம் இந்த ஒரு நாளுக்காக. தேர்வுக்கு முதல் வாரம் மட்டும் கண்விழித்துப் படிக்கும் மாணவரைப் போலவே பாட்டியும் 'நல்ல மதிப்பெண்' வாங்கத் தயாராகியிருந்தார். விடியற்காலைத் தே மட்டும் அவர் கட்டுப்பாட்டை மீறிவிட்டது. பெரட்டுக்குப் போகும் முன் ஒரு கிளாஸ் தே குடித்துப் பழகிய உடல் அது. தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். கையும் தானாகக் கெண்டியைத் தேடும்.

உள்ளே இரத்தம் எடுக்கும் பணியாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பாட்டியின் கையில் இறுக்கும் பட்டையைக் கட்டுவதற்கு முன், அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்.

"காலையில எந்திரிச்சதும் தே குடிக்கிற பழக்கம் உண்டா பாட்டி? எங்கம்மாவுக்கும் உண்டு. சும்மா சொல்லுங்க, யாரும் ஏச மாட்டாங்க."

பாட்டி பேத்தியைப் பார்த்தார். பேத்தி ஒன்றும் பேசாமல் பாட்டியின் மற்றொரு கையைப் பற்றிக்கொண்டாள்.

"அரை கிளாஸ் குடிச்சிட்டேன், மிஸி. பால் ஊத்தித்தான்."

அந்தப் பெண் சிரித்தபடியே பட்டையைக் கீழே வைத்தார். "சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கு வாங்க. இன்னைக்கு ஊசி குத்தினா, வலி உங்களுக்கு. தப்பான கணக்கு டாக்டருக்கு."

வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்ட உணவிலுள்ள மாச்சத்தும் சர்க்கரையும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமல் இருந்தால்தான், உணவின் தாக்கம் நீங்கிய நிலையில் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது தெரியவரும். கெட்டிப்பால் கலந்த தே அரை கிளாஸ் குடித்தாலும் அந்த அளவு உயர்ந்துவிடும். அந்த எண்ணை உண்மை என நம்பி மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, முதியவர் மயங்கி விழவும் நேரலாம். வெறும் நீர் அருந்துவதில் தவறில்லை. சொல்லப்போனால், நீர் அருந்தி வருபவரின் நரம்பைக் கண்டுபிடிப்பதும் எளிது.

அவர்கள் வீட்டிற்குத் திரும்பி நடந்தனர். பேத்தி மெல்லக் கேட்டாள்.

"ஏன் பாட்டி, ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு என்ன பயம்? அதுக்கப்புறம் வர்ற தாளுக்குத்தான் பயம்" என்றார் பாட்டி.

பாட்டியின் சிறுவயதில் தோட்டத்தில் யாருக்காவது குளிர்காய்ச்சல் கண்டால் டிரெசர் வருவார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து எடுத்துச் செல்வார். சில நாள் கழித்து யாரையாவது மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வார்கள். எல்லாரும் திரும்பி வந்ததில்லை. "ரத்தம் எடுத்தாங்கன்னா கெட்ட சேதிதான்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை அந்தச் சிறுமி கேட்டு வளர்ந்தாள். அவளுக்கு வயது எழுபத்தைந்தான பிறகும் அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை.

பாட்டியின் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும், அதே கிள்ளான் வட்டாரத்தின் வரலாறு அந்தக் கண்ணாடிச் சில்லைப் பற்றி வேறொரு கதையையும் சொல்கிறது. 1897ஆம் ஆண்டு, இந்தியாவின் செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த அறிவு கிள்ளானுக்குத் தேவைப்பட்டது. 1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரை மலேரியா வாட்டியது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தனர். அவ்வாண்டில் கிள்ளான் நகரிலிருந்து மட்டும் 334 மலேரியா நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டித் தேங்கிய நீரை வெளியேற்றவும், புதர்களை அழிக்கவும் வலியுறுத்தினார். 1905இல் நகரிலிருந்து சேர்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 12ஆகக் குறைந்தது. இந்த மாற்றம் உண்மைதானா என்பதை உறுதிப்படுத்தியதும் இரத்தப் பரிசோதனையே. 1904ஆம் ஆண்டின் இறுதியில் கிள்ளான் நகரில் 173 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது ஒரே ஒரு குழந்தையிடம்தான் மலேரியாக் கிருமி காணப்பட்டது. வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தில் சோதிக்கப்பட்ட 298 குழந்தைகளுள் 101 குழந்தைகளிடம் அது இருந்தது. எங்கே வேலை முடிந்தது, எங்கே இன்னும் தொடங்கவேண்டும் என்பதை அந்தக் குழந்தைகளின் இரத்தச் சொட்டுகள் காட்டிக்கொடுத்தன.

1967ஆம் ஆண்டில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்திலும் இலட்சக்கணக்கான சில்லுகள் சோதிக்கப்பட்டன. பாட்டி கண்ட டிரெசரின் சில்லும் அந்த நெடிய முயற்சியைச் சேர்ந்ததுதான். குரங்குகளிலிருந்து தொற்றும் ஒரு வகை மலேரியா இன்றும் நம் நாட்டில் உண்டு. எனினும், மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. சொட்டு இரத்தம் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தது உண்மை. அந்தச் செய்தியை அறிந்தவர்கள் எழுந்து வேலை செய்ததால்தான் ஊர் பிழைத்தது என்பதும் உண்மை.

மறுநாள் காலை பாட்டி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். சமையலறையில் பேத்தி ஐந்து மணிக்கே எழுந்து அமர்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். இரத்தம் எடுக்கும் பெண் பாட்டியின் பெயரை மீண்டும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒரே குத்தில் மூன்று குழாய்களை நிரப்பினார். குழாய்களின் மூடிகள் வெவ்வேறு நிறத்தில் இருப்பது ஏன் என்று பேத்தி கேட்டாள்.

"சாம்பல் மூடியில இருக்கிற மருந்து, ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்னுடாமப் பாதுகாக்கும். ஊதா மூடியில இருக்கிறது, ரத்தம் உறையாமப் பார்த்துக்கும். மஞ்சள் மூடிக் குழாயில ரத்தம் உறையணும். அப்புறம் இயந்திரத்துல வேகமாச் சுத்தினா, மேல தெளிவா நிற்கிற நீரை எடுத்துக் கொழுப்பையும் கிட்னியையும் பார்ப்போம்."

அவர் ஊதா மூடிக் குழாயை மெல்லத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தியபடி தொடர்ந்தார். "பாட்டி, இந்தக் குழாய்கிட்ட மட்டும் பொய் சொல்ல முடியாது. போன மூணு மாசத்துக் கதையைச் சொல்லிடும்."

அவர் குறிப்பிட்டது எச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனையை. நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. இரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிறுகச் சிறுக அதன் சிவப்பு நிறமிமீது ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். ஆகவே, அந்த அணுக்களைச் சோதித்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரையின் சராசரி நிலை எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். பத்து நாள் பத்தியம் இருந்து அதை மறைக்க இயலாது.

இரண்டு நாள் கழித்து அறிக்கை கிடைத்தது. முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட இரண்டு தாள்கள். பாட்டி அதைப் பேத்தியிடம் நீட்டி, "நல்லா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

பேத்தி படித்தாள். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 6.6. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி இந்த அளவு 7.0ஐ எட்டினால் அது நீரிழிவின் அறிகுறி. பாட்டியின் எண் அதற்குக் கீழே நின்றது. பத்து நாள் பத்தியம் பலித்துவிட்டது போலத் தோன்றியது. அடுத்த வரியில் எச்.பி.ஏ.1.சி. 8.4 விழுக்காடு என்றிருந்தது. அதற்கான எல்லை 6.3. முதல் எண் பாட்டி இருந்த பத்து நாள் பத்தியத்தைச் சொன்னது. இரண்டாவது எண் அதற்கு முந்திய மாதங்களைச் சொன்னது. கீழே கிரியேட்டினின் என்ற பெயருக்கு எதிரே, அளவு மிகுதி என்பதைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் இருந்தது.

'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடலாம். பாட்டி நிம்மதியாகத் தூங்குவார். 'மோசம்' என்று சொல்லிவிடலாம். பாட்டி அடுத்த பரிசோதனைக்கே வரமாட்டார். இரண்டுமே உண்மையாகாது என்பது பேத்திக்குத் தெரிந்தது. பள்ளியில் கருத்துணர்தல் பகுதியில் எத்தனையோ பத்திகளைப் படித்து விடை எழுதியவள் அவள். இந்த இரண்டு தாள்களைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்வது அவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

சிறிது நேரம் யோசித்துவிட்டு, அடுக்களையிலிருந்து தே வடிகட்டியை எடுத்து வந்தாள்.

"பாட்டி, நம்ம உடம்புல கிட்னிதான் இந்த வடிகட்டி. ரத்தத்துல சேர்ற கழிவை அதுதான் வடிச்சு வெளியே அனுப்புது. ரொம்ப நாள் சர்க்கரை கூடுதலா ஓடினா, இதோட கண்ணு கெட்டுப்போகும். உங்க வடிகட்டி இன்னும் வேலை செய்யுது. ஆனா, கொஞ்சம் களைச்சிருக்கலாம்னு இந்தத் தாள் சொல்லுது. என்ன செய்யணும்னு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்கே போவோம்."

பாட்டி வடிகட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லலையே" என்றார்.

பாட்டியைப் போன்றவர்கள் நம்மிடையே பலர். சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. இந்தியரிடையே இந்த விகிதம் 31.4 விழுக்காடு, பத்துப் பேரில் மூவருக்கும் மேல். அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆகவே, பலரைத் தடுத்து நிறுத்துவது பணம் மட்டுமன்று. அறிக்கையில் என்ன வருமோ என்ற அச்சம் ஒருபுறம். வந்தது புரியவில்லையே என்ற கூச்சம் மறுபுறம்.

மறுநாள் மருத்துவர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பாட்டி பத்து நாள் பத்தியத்தைப் பற்றித் தாமே சொன்னார். மருத்துவர் ஏசவில்லை. மருந்தை மாற்றி எழுதினார்; பத்து நாள் பட்டினியைவிட, தொண்ணூறு நாளும் கைக்கொள்ளக்கூடிய சிறிய மாற்றமே போதும் என்றார். விடியற்காலைத் தேயில் கெட்டிப்பாலை விட்டுவிடுவது என்று முதல் மாற்றத்தைப் பாட்டியே தேர்ந்தெடுத்தார்.

அன்றிரவு பேத்தி தன் பள்ளிப் பையின் அடியிலிருந்து மடித்து வைத்த தாள் ஒன்றை எடுத்தாள். படிவம் நான்கு மாணவர்களுக்கான தலசீமியா இரத்தப் பரிசோதனைக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும் தாள் அது. 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இந்தப் பரிசோதனை நடத்தப்பட்டு வருகிறது. தலசீமியா பெற்றோரிடமிருந்து மரபுவழி வரும் இரத்தக் குறைபாடு. அதைச் சுமப்பவர் நலமாகவே வாழ்வார்; பரிசோதிக்காமல் அவருக்கே தெரியாது. சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய குழந்தை வாழ்நாள் முழுவதும் பிறரின் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்தத் தாள் இரண்டு வாரமாகப் பையிலேயே கிடந்தது. அறிக்கையில் என்ன வருமோ என்ற அச்சம் பாட்டிக்கு மட்டும் உரியதன்று. பேத்தி தாளைத் தாயாரிடம் கொடுத்தாள். தாயார் கையெழுத்திட்டார்.

பரிசோதனை நாளன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சமையலறையில் கரண்டி ஓசை கேட்டது. பேத்தி எழுந்து சென்றாள். பாட்டி தனக்குக் கெட்டிப்பால் இல்லாத தே கலக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கவலையோடு கேட்டார்.

"நீயும் பசியாறாமத்தான் போகணுமா?"

"இல்ல பாட்டி, இதுக்குச் சாப்பிட்டே போகலாம்."

பாட்டியின் முகம் மலர்ந்தது. அவர் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார்.